விற்ற மோட்டாருக்கு வந்த சம்மன்: கட்டுவதா, காத்திருப்பதா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன மாதம் சம்பள நாளன்று சாயங்காலம் தோட்டத்து முச்சந்தியில் ரோட் பிளாக். மோட்டாரில் பின்னால் இருந்தவன் ஹெல்மெட் போடவில்லை என்று என் மகனை நிறுத்தினார்கள். “எப்படி செட்டில் பண்ணலாம்?” என்று போலீஸ்காரர் கேட்டாராம். மகன் 50 ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்துவிட்டான், ரசீது இல்லை. இப்போது என் பெயரில் 300 ரிங்கிட் சம்மன் வந்து 20 நாள் ஆகிறது. வேகமாகப் போனதாம். சம்மனில் இருப்பது எங்கள் பழைய மோட்டார். அதைச் செம்பனை வெட்டும் ஒருவருக்கு எப்போதோ விற்றுவிட்டோம், பெயர்தான் மாற்றவில்லை. ஸ்டேஷன் செலவுக்குத்தான் இப்படி வசூலிக்கிறார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். சம்மன் தொகையில் கழிவு அறிவிக்கும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த 50 ரிங்கிட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீங்கள் அதைச் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சாலையோரத்தில் கையில் பணம் வாங்க எந்தப் போலீஸ்காரருக்கும் அதிகாரம் இல்லை. குற்றம் என்றால் அவர் சம்மன் எழுத வேண்டும், நீங்கள் அதை முறையான வழியில் கட்ட வேண்டும். ரசீது இல்லாமல் கைமாறிய பணம் அபராதமே அல்ல, லஞ்சம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்கியவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. தண்டனை 20 ஆண்டு சிறை வரை போகலாம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: யாராவது லஞ்சம் கேட்டாலோ வாங்கினாலோ, கொடுத்தவர் முதல் வாய்ப்பிலேயே புகார் செய்ய வேண்டும். தக்க காரணம் இல்லாமல் சும்மா இருந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் தானாக நீட்டவில்லை, கேட்டதால் கொடுத்தான் என்பது அவனுக்குச் சாதகமான விஷயம். அன்றைய தேதி, நேரம், இடம், போலீஸ் வண்டியின் எண், சட்டையில் இருந்த பெயர் என்று நினைவில் இருப்பதையெல்லாம் இன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போகட்டும். போலீஸாரின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்க 2023 ஜூலையிலிருந்து தனி ஆணையமும் இருக்கிறது. ஆனால் லஞ்சத்துக்கு நேரான வழி ஊழல் தடுப்பு ஆணையம்தான்.

சம்மன் பணம் ஸ்டேஷனுக்குப் போகிறதா என்றால், இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 97ஆம் பிரிவுப்படி மத்திய அரசு வசூலிக்கும் பணம் ஒருங்கிணைந்த நிதிக்குப் போகிறது. போலீஸ் படைக்கான செலவு வரவு செலவுத் திட்டத்தில் தனியாக ஒதுக்கப்படுகிறது. உங்கள் 300 ரிங்கிட்டில் அந்த ஸ்டேஷன் தன் ஜீப்புக்கு எண்ணெய் ஊற்ற முடியாது. அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் கதை வேறு. அங்கே நகர நிர்வாகமே அபராத வருமானத்தைக் கூட்டச் சொல்லிப் போலீஸை நெருக்கியதை அந்நாட்டு நீதித்துறை 2015இல் அறிக்கையாகவே வெளியிட்டது. நம் ஊரில் அந்த அமைப்பு இல்லை. ஆனாலும் சம்பள நாளில் முச்சந்தியில் நிறுத்தும்போது மக்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் 300 ரிங்கிட் என்பது அடுப்பைத் தொடுகிற தொகை.

சரி, சம்மனுக்கு வருவோம். அது கடன் பில் அல்ல, ஒரு குற்றச்சாட்டு. தொகையைக் கட்டினால் விஷயம் அதோடு முடியும், வழக்கு வராது. கட்டாமல் மாஜிஸ்திரேட் முன் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேகக் குற்றம் அங்கே நிரூபிக்கப்பட்டால் அபராதம் 300இலிருந்து 2,000 ரிங்கிட் வரை போகலாம். அதனால் கையில் ஆதாரம் இல்லாமல் கோபத்தில் கோர்ட்டுக்குப் போக நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்களிடம் சொல்ல நியாயம் இருக்கிறது: ஓட்டியது நீங்கள் அல்ல. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டால் பதிவு உரிமையாளர் சொல்லியாக வேண்டும். வாங்கியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், விற்றபோது எழுதிய துண்டுக் காகிதம் இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் அனுப்பிய போக்குவரத்துப் பிரிவில் எழுத்து மூலம் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

அதற்கு முன்னால் வாங்கியவர் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசிப் பாருங்கள். கழிவுக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், சம்மன் வந்த 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, 16இலிருந்து 30 நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு கழிவு, அதன் பிறகு முழுத் தொகை, 60 நாள் தாண்டினால் கோர்ட். உங்களுக்கு 20 நாள் ஆகிவிட்டதால் இப்போது ஏறக்குறைய 200 ரிங்கிட் வரும். ஓட்டியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால், அந்தப் பணத்தை அவரே இந்தப் பத்து நாளுக்குள் கட்டட்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கோர்ட்டுக்கு அலைவதைவிட அது இருவருக்கும் நல்லது. அவர் மறுத்தால் மேலே சொன்ன கடிதத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் கைது வாரண்ட் வரலாம்.

அவரைப் பார்க்கப் போகும்போதே பெயர் மாற்றத்தையும் பேசி முடியுங்கள். வண்டி கைமாறினால் 7 நாளுக்குள் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாதவரை அவர் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் உங்கள் வீட்டுக்குத்தான் கடிதம் வரும். இருவரும் அடையாள அட்டையோடு இலாகா அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.