தென்னாப்பிரிக்காவின் ஃபன் டர் பெய்ல் ராணுவ அதிகாரியா? மின்சாரத் துறைக்காரரிடம் போர்த் தளவாடப் பொறுப்பை ஏன் கொடுத்தார்கள்?

கேள்வியில் "வான் டெர் பிஜ்ல்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஃப்ரிகான்ஸில் அது ஃபன் டர் பெய்ல். பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. வகுப்பில் வாசிக்கும்போது பெயரிலேயே தடுக்கி விழ வேண்டாம்.

ராணுவ அதிகாரி இல்லை. 1887இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர், லைப்சிக்கில் படித்தவர், அமெரிக்காவில் ரேடியோ வால்வு ஆராய்ச்சி செய்தவர். 1920இல் பிரதமர் ஸ்மட்ஸ் அழைத்து வந்து அரசின் அறிவியல், தொழில் ஆலோசகராக்கினார். 1923இல் அரசு மின்சார நிறுவனம் எஸ்காம், 1928இல் அரசு இரும்பு-எஃகு நிறுவனம் இஸ்கோர், இரண்டுக்கும் அவரே தலைவர். 1939 செப்டம்பரில் நாடாளுமன்றம் 80க்கு 67 என்ற வாக்கில் இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், போர்த் தளவாடத் தலைமை இயக்குநர் ஆனார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும்.

ஏன் அவர்? கரண்ட்டும் இரும்பும் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. தளவாடப் பொறுப்பு என்றால் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தெரிந்த ஜெனரல்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு டன் இரும்புக்கு ரயில்வே, சுரங்கம், பட்டாளம் மூன்றும் கை நீட்டும்போது யாருக்கு முதலில், யாருக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் வேண்டும். எந்தப் பட்டறை எந்த லேத்தில் என்ன கடையும் என்ற கணக்கு ஜெனரலுக்குத் தெரியாது.

கவச வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். இந்த நாட்டில் அப்போது மோட்டார் தயாரிப்பே கிடையாது. வெளியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவதுதான் உண்டு. அதனால் வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஃபோர்டு லாரிச் சேசிஸும் வி8 எஞ்சினும் கனடாவிலிருந்து. நான்கு சக்கரமும் இழுக்கும் கிட், அதாவது முன் அச்சு, இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அவற்றை இணைக்கும் ஷாஃப்ட், அமெரிக்காவின் மார்மன்-ஹெரிங்டன் கம்பெனியிலிருந்து. கவசத் தகடு பிரிட்டோரியா இஸ்கோரில். உடலைப் பூட்டியது ஜெர்மிஸ்டனில் டார்மன் லாங். வண்டிக்கு அமெரிக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது அந்தக் கிட்டால்தான்.

சிக்கல் எங்கே வரும்? தகட்டில். தடிமன் அதிகபட்சம் 12 மி.மீ., ரைஃபிள் குண்டையும் சிதறும் துண்டையும் தாங்கும், அவ்வளவுதான். கடினப்படுத்திய தகட்டில் துளை போட்டால் டிரில் பிட்தான் மழுங்கும். ஆகவே முதலில் வெட்டித் துளைத்துவிட்டுப் பிறகு சூடேற்றிக் குளிர்விக்க வேண்டும். குளிரும்போது தகடு முறுக்கிக்கொள்ளும். இந்தத் தகட்டின் துளை அடுத்த தகட்டின் துளையோடு சேராது. ரிவெட்டை விட்டு வெல்டிங்குக்குப் போனால் இந்தத் தலைவலி குறையும், ஆனால் தோதில்லாத வெல்டிங் ராடில் பற்றவைத்தால் வெல்டின் ஓரமாகவே கீறல் விடும். அச்சிலும் கவனம் வேண்டும். முன் அச்சின் கியர் பல் விகிதமும் பின் அச்சின் விகிதமும் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஷாஃப்டை முறுக்கிவிடும். கிட் ஏற்றிய கப்பல் மூழ்கினால் முடிந்த உடல்கள் முற்றத்தில் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் நடுவில் மொத்தம் 5,746 வண்டிகள் வெளியே வந்தன. சொந்தமாக எஞ்சின் வார்க்காத நாட்டுக்கு அது சின்ன வேலை இல்லை.

"வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு புகழா" என்று கீழே கமெண்டில் யாராவது வருவார்கள். புகழவில்லை, வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அதோடு, அந்தப் பட்டறைகளில் இந்த நாட்டு இந்தியர்களான நம் ஆட்கள் ஏன் ஃபிட்டராக இல்லை என்றும் பிள்ளை எழுதட்டும். 1922 அப்ரண்டிஸ் சட்டம் கேட்ட பள்ளிப் படிப்பு நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாமலே வைக்கப்பட்டிருந்தது. பட்டாளத்திலும் இந்தியன் அண்ட் மலாய் கோர் என்று தனியாக வைத்து, லாரி ஓட்டவும் சமைக்கவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும் விட்டார்கள். கையில் ஆயுதம் கொடுக்கவில்லை. நம் பையன்கள் லாரி ஓட்டிக்கொண்டிருந்த 1943இலேயே, டர்பனில் வெள்ளையரிடம் இந்தியர் வீடு வாங்குவதைத் தடுக்கும் பெகிங் சட்டத்தை அதே ஸ்மட்ஸ் அரசு கொண்டுவந்தது. 1946இல் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டிய, அதைவிடக் கடுமையான கெட்டோ சட்டம். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் நாயக்கர் சிறைக்குப் போனது அதை எதிர்த்துத்தான். கேட்ட கேள்விக்கு இது வெளியேதான், தெரியும். ஆனாலும் பாடப் புத்தகத்தில் கவச வண்டிக்கு இருக்கிற இடம் இதற்கு இருப்பதில்லை.

பிள்ளை கவச வண்டியின் படம் வரைவதாக இருந்தால் முதல் மாடலான மார்க் 1 வேண்டாம். அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, 113தான் செய்தார்கள். மார்க் 3ஐ வரையச் சொல்லுங்கள்: 2,630 வண்டிகள், சக்கர இடைவெளி 134 அங்குலத்திலிருந்து 117 ஆகக் குறைந்தது, நான்கு சக்கர இழுவை. மேலே சுழலும் துப்பாக்கிக் கூண்டான டரட்டைக் கழற்றிவிட்டு இத்தாலியரிடம் பிடித்த 20 மி.மீ. பிரேடா பீரங்கியைப் பூட்டி ஓட்டிய வண்டிகளும் வட ஆப்பிரிக்காவில் இருந்தன. அதை வரைந்தால் ஆசிரியர் வந்து கேட்பார், பதில் தயாராக இருக்கட்டும்.