பறத்தலும் மனப்பாடமும் – கடிதம்

அன்புள்ள சார்,

பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். பிளஸ் ஒன் படிக்கிறேன், வயது 16. தனியார் விமானி உரிமம் வாங்க ஆசை. அப்பா, 'பிளஸ் டூ முடி, பார்க்கலாம்' என்கிறார். மாமா, 'அது பணக்காரன் விளையாட்டு' என்கிறார். இப்போதே தொடங்கலாமா? சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டுகிறேன். அதன் செக்லிஸ்ட், அதாவது ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல், முழுக்க மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உன் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, தனியார் உரிமத்துக்கு 17. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், குறைந்தது 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. அதற்கு 18 வயதும் 200 மணி நேரமும் கேட்கும் வணிக உரிமம் வேண்டும். அப்பா சொல்கிறபடி காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மாமாவை விடு, எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது உன் கடைசி வரி. கண்ணை மூடிக்கொண்டா? தம்பி, அந்தச் செக்லிஸ்ட் அட்டையை அச்சடித்ததே நீ கண்ணைத் திறந்து பார்ப்பதற்காக!

என் பெரியப்பா மீனம்பாக்கத்தில் விமான மெக்கானிக். லீவு நாட்களில் அவரோடு விமானக் கொட்டகையான ஹாங்கருக்குப் போவேன். அங்கே தலை நரைத்த பயிற்சியாளர் ஒருவர் அட்டையில் விரல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரிவரியாகச் சத்தம் போட்டு வாசிப்பார். சிவப்புத் தகடு வைத்த வளைந்த கம்பி ஒன்று, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை அசையாமல் பூட்டுவது. அதை உருவிக் கையில் பிடித்த பிறகுதான் 'எடுத்தாச்சு' என்பார். அடுத்து இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் இருந்தால் அடியில் முத்தாகத் தங்கும். ஐப்பசி மழையில் தங்கியும் பார்த்திருக்கிறேன். "நேத்துதானே பார்த்தீங்க?" என்று அதிகப்பிரசங்கியாகக் கேட்டேன். "நேத்து பெட்ரோல் நேத்தே எரிஞ்சு போச்சுடா" என்றார்.

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானதளத்தில் போயிங்கின் நான்கு எஞ்சின் விமானம், மாடல் 299, எழும்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ஹில் கற்றுக்குட்டி அல்ல, ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. விமானத்தைத் திருப்பும் பாகங்களின் பூட்டை விடுவிக்காமலே கிளம்பியிருந்தார்கள். செக்லிஸ்ட் அதற்குப் பிறகுதான் விமானிகளின் வழக்கமானது. கரைத்துக் குடித்தவர்களுக்காக எழுதியது அது.

உன்னைக் கெடுத்தது நம் பள்ளிக்கூடம். புத்தகத்தைப் பார்த்தால் அடி, பார்க்காமல் ஒப்பித்தால் முதல் ரேங்க். குறள் ஒப்பித்து டிபன் பாக்ஸ் வாங்கியவன்தான் நானும். இன்றைக்கும் பாதிக் குறளுக்கு நின்று அர்த்தம் யோசித்ததில்லை. நெட்டுருப் போட்ட வாய் 'பூட்டு எடுத்தாச்சு' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், கம்பி அங்கேயே தொங்கும். சிமுலேட்டரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மனப்பாடமே கூடாது என்றில்லை. பறக்கும்போது எஞ்சின் நின்றால் உடனே செய்ய வேண்டிய சில காரியங்கள் நெட்டுருவாக இருக்கத்தான் வேண்டும். நேரம் கிடைத்ததும் அங்கேயும் அட்டையைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. ரீல்ஸ் போடுவதற்காகப் பறக்க வருகிறவனிடம் இவ்வளவு பேசமாட்டேன். சிமுலேட்டரை விடாதே. இன்று முதல் அட்டையைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டு ஓட்டு.

ஒரு காரியம் மட்டும் இப்போதே செய். தனியார் உரிமத்துக்குக் கேட்கும் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவச் சான்றுக்கு என்னென்ன பார்ப்பார்கள் என்று கேட்டு, குறிப்பாக நிறப்பார்வையைச் சோதித்துக்கொள். பிறகு அப்பாவோடு பயிற்சிப் பள்ளிக்குப் போய், வரவேற்பறையில் உட்காராமல் ஒரு முழுக் காலை ஓடுபாதை பக்கம் நில். எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை ஷெட்டில் தூசி படிந்து கிடக்கிறது என்று எண்ணு. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு.