குழாய் முந்தியது, காவல் பிந்தியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளம் மிக்க ஆப்பிரிக்க நாடுகளில் வறுமை நீடிப்பதற்கு ஆட்சியாளர்களின் ஊழலே காரணம் என்றால், உதவி செய்யும் நாடுகளும் வங்கிகளும் அந்த வருமானத்தைத் தாங்களே கண்காணித்து, மக்களுக்குச் செலவிட வைக்கலாமே? அப்படி யாரும் முயன்றதில்லையா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

முயன்றிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது ஏறக்குறைய அப்படியே சாட் நாட்டில் நடந்தது. கடற்கரையே இல்லாத அந்நாட்டின் தெற்கில், டோபா வட்டாரத்து எண்ணெயைக் கேமரூனின் கிரிபி கடற்கரை வரை 1,070 கிலோமீட்டர் நிலத்தடிக் குழாய் வழியே கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2000 ஜூனில் உலக வங்கி ஒப்புதல் அளித்தது. எக்ஸான்மொபில், செவ்ரான், மலேசியாவின் பெட்ரோனாஸ் ஆகியவை கூட்டாளிகள். ஏறத்தாழ 370 கோடி டாலர் திட்டத்தில் வங்கியின் கடன் மிகச் சிறிய பங்குதான். ஆனால் வங்கி உடன் நிற்கிறது என்ற உறுதியில்லாமல் அங்கே முதலீடு செய்ய அந்நிறுவனங்கள் துணியவில்லை.

அந்தப் பிடியைப் பயன்படுத்தித்தான் 1999இல் ஒரு சட்டம் இயற்ற வைக்கப்பட்டது. நேரடி எண்ணெய் வருமானம் லண்டனில் உள்ள கணக்குக்கு வரும். அதில் 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்குப் போகும். மீதியில் 80 விழுக்காடு கல்வி, சுகாதாரம், ஊரக வளர்ச்சி போன்றவற்றுக்கும், 5 விழுக்காடு டோபா மக்களுக்கும் சேரும். தொழிற்சங்கம், சமய அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஒரு கண்காணிப்புக் குழு செலவுகளுக்கு ஒப்புதல் தர வேண்டும். தாளில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

ஆயினும் நிறுவனங்கள் முன்பணமாகத் தந்த 2.5 கோடி டாலரில் ஏறத்தாழ 45 லட்சத்தை அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு 2000ஆம் ஆண்டிலேயே ஆயுதங்களுக்குச் செலவிட்டது. தணிக்கையாளர்களுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் பயிற்சியும் ஆட்களும் கிடைப்பதற்குள், 2003இல், குறித்த காலத்துக்கு ஓராண்டு முன்னதாகவே எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. நிர்வாகம் தேறும்வரை திட்டத்தை நிறுத்திவையுங்கள் என்று சாட்டின் மனித உரிமை அமைப்புகள் முன்பே மன்றாடியிருந்தன. மக்களின் தரப்பிலிருந்து வந்த அந்தக் குரலைப் புறக்கணித்ததுதான், என் பார்வையில், இந்தத் திட்டத்தின் மூலப் பிழை.

எண்ணெய் ஓடியபின் பிடி இடம் மாறியது. 2005 இறுதியில் சாட் அரசு சட்டத்தைத் திருத்தி, வருங்கால நிதியைக் கலைத்து, பாதுகாப்புத் துறையையும் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2006 ஜனவரியில் வங்கி கடன்களை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் கிளர்ச்சிப் படைகள் தலைநகர் என்ஜமேனாவைத் தாக்கின. எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. ஜூலையில் ஓர் உடன்பாடு வந்தும் பயனில்லை. 2008 செப்டம்பரில் சாட் கடனை முன்கூட்டியே அடைத்தது, வங்கி வெளியேறியது. பிறகு வருங்கால எண்ணெயை ஈடாக வைத்து கிளென்கோர் என்ற சரக்கு வணிக நிறுவனத்திடம் வாங்கிய பெருங்கடன், 2014இல் விலை சரிந்ததும் அந்நாட்டின் கழுத்தை நெரித்தது.

ஆகவே, வெளியார் கண்காணிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் வலிமை முதல் பீப்பாய் ஏற்றுமதியாகும்வரைதான். அதன்பின் கணக்குக் கேட்க உள்ளூரில் ஆள் வேண்டும். அவர்களுக்குச் சிறைக்கு அஞ்சாமல் பேசும் உரிமை வேண்டும். இன்று உகாண்டாவின் எண்ணெயை டான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை கொண்டுசெல்ல 1,443 கிலோமீட்டர் குழாய்த் திட்டம் முன்னெடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிய செய்திகளில் முதலீட்டுத் தொகையைவிட, அதை எதிர்த்துப் பேரணி சென்ற கம்பாலா மாணவர்கள் கைதான செய்தியைக் கவனித்துப் படியுங்கள்.