ஆர்க்கேன் லாக்: கதவைப் பூட்டும் முன் கேளுங்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் உள்ள ஆர்க்கேன் லாக் என்ற இரண்டாம் லெவல் பூட்டு மந்திரம் பற்றிய கேள்விகள் இவை. 2014 விதிப்புத்தகத்தை வைத்துத்தான் பதில். 2024இல் மாறியிருந்தால் அதையும் சொல்கிறேன்.

கேள்வி: முதல் தடவையாக விஸார்ட் (மந்திரவாதி) பாத்திரம் எடுத்திருக்கிறேன் அண்ணா. இது என்ன செய்யும்?

பதில்: மூடியிருக்கிற கதவு, ஜன்னல், பெட்டி எதையாவது தொட்டுப் போட்டால் பூட்டிக்கொள்ளும். யாராவது கலைக்கும்வரை அப்படியே இருக்கும், கான்சென்ட்ரேஷன் (போட்டவர் தொடர்ந்து கவனம் வைத்திருப்பது) கிடையாது. நீங்களும், போடும்போது நீங்கள் குறிப்பிட்டவர்களும் சாதாரணமாகத் திறக்கலாம். ஒரு ரகசியச் சொல்லும் வைக்கலாம்: ஐந்தடிக்குள் நின்று சொன்னால் ஒரு நிமிடம் மந்திரம் அடங்கும். முக்கியமாக, யார் யார் திறக்கலாம் என்பதைப் போடும்போதே டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஆள் சேர்க்க முடியாது.

கேள்வி: கையில் ஃபோக்கஸ் (மந்திரப் பொருள்களுக்குப் பதிலாகப் பயன்படும் கருவி) இருக்கிறது. தங்கத்தூளும் வேண்டுமா?

பதில்: வேண்டும். விலை குறிப்பிட்ட பொருளுக்கு ஃபோக்கஸ் ஈடாகாது. ஒவ்வொரு தடவையும் 25 பொற்காசுத் தூள் காலி.

கேள்வி: நாக் (பூட்டுத் திறக்கும் மந்திரம்) போட்டால் இது போய்விடுமா?

பதில்: போகாது. பத்து நிமிடம் அடங்கிக் கிடக்கும், பிறகு பழையபடி பூட்டு. நாக் தட்டுகிற சத்தம் 300 அடி வரை கேட்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ரோக் (திருடன் பாத்திரம்) கதவின் பூட்டைக் கம்பியால் திறக்க, டிசி 25ஐ (ஜெயிக்கத் தேவையான எண்ணை) தாண்டி உருட்டினான். “பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை” என்கிறார் டிஎம். நியாயமா?

பதில்: நல்ல சண்டை. விதியே இரண்டு குரலில் பேசுகிறது. உடைக்கும்வரையோ, மந்திரம் கலையும் அல்லது அடங்கும்வரையோ வழி கிடையாது என்கிறது ஒரு வரி. உடைக்கவும் அதிலுள்ள எந்தப் பூட்டையும் கம்பியால் திறக்கவும் டிசி பத்து ஏறும் என்கிறது இன்னொரு வரி. திறந்தும் பயனில்லை என்றால் அந்தப் பத்தை எதற்கு ஏற்ற வேண்டும்? என் மேஜையில் ரோக் ஜெயித்தால் கதவு திறக்கும். கதவில் சாவித்துளையே இல்லையென்றால் மட்டும் அவனுக்கு வேலை இல்லை, கோடரியை எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியென்றால் பூட்டில்லாத மாட்டுக்கொட்டகைக் கதவு, பூட்டுள்ள கோட்டைக் கதவைவிடப் பத்திரமா? இது சரியாகப் படவில்லையே.

பதில்: திருடனிடமிருந்து பத்திரம், ஆமாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. என் ஆட்டத்தில் ஒரு வில்லன் விஸார்ட் மாளிகையின் பூட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் மந்திரம் போட்டான். ரோக் ஆடியவர் இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

கேள்வி: விதியில் உள்ள “எந்தப் பூட்டும்” என்பதில் மந்திரப் பூட்டும் அடங்காதா?

பதில்: கம்பியை எதற்குள் விடுவீர்கள்? 2024 புத்தகம் இந்த வழக்கையே முடித்துவிட்டது: மந்திரமில்லாத எந்த வழியிலும் இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. திறக்கத்தான் முடியாது, உடைப்பது வேறு கதை.

கேள்வி: பழைய பதிப்புகளில் பெரிய மந்திரவாதிகள் நேராக நுழைவார்களாமே?

பதில்: அப்போது பெயர் விஸார்ட் லாக். போட்டவரைவிடச் சில லெவல் மேலே இருப்பவர் தடையில்லாமல் போகலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பெயர் மாறியது. இப்போது அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: நாக் போட்டால் நிரந்தரமாகத் திறக்குமா?

பதில்: பத்து நிமிடம்.

கேள்வி: டிஸ்பெல் மேஜிக் (மந்திரத்தைக் கலைக்கும் மந்திரம்) போட்டால்?

பதில்: சாதாரணமாகப் போட்டிருந்தால் உருட்டாமலேயே கலைந்துவிடும். நான்காம் லெவல் ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவிடும் ஒதுக்கீட்டில்) போட்டிருந்தால் எதிராளி டிசி 14 உருட்ட வேண்டும். பொக்கிஷ அறைக்கு அந்த ஸ்லாட் தகும்.

கேள்வி: பார்ட்டியில் புது ஆள் வந்திருக்கிறார். பழைய பூட்டில் அவரையும் சேர்ப்பது எப்படி?

பதில்: முதல் பதில், கடைசி வரி. ரகசியச் சொல் வைத்திருந்தால் அவர் காதில் சொல்லுங்கள். வைக்கவில்லையென்றால் கலைத்துவிட்டு மறுபடி போடுங்கள், 25 பொற்காசு.

கேள்வி: நாக் எவ்வளவு நேரம்...

பதில்: பத்து. அடுத்தவர்.

கேள்வி: கதவுக்கு ஆர்க்கேன் லாக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். ஓர்க்குகள் பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டு வந்துவிட்டன. டிஎம் ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. சுவரை யார் தொட்டீர்கள்?