கடைசியாக ஒரு முறை போக வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் விடுமுறை வீட்டை விற்க முடிவு செய்துவிட்டோம். வயதாகிறது, முன்போல் போய்வர முடிவதில்லை. ஆள் வைத்துக் காலி செய்து, சாமான்களைக் கப்பலில் வரவழைத்துவிட்டால் போதும், நேரில் போனால் மனக்கஷ்டம்தான் என்கிறார் கணவர். எனக்குக் கடைசியாக ஒரு முறை போய்வர வேண்டும். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான். போங்கள், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மனக்கஷ்டம் வரும் என்பது உண்மைதான். ஆனால் போகாமல் இருந்துவிட்டால் அது வராது என்று அவர் நினைக்கிறாரே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் ஆசையாகப் போய்வந்த வீட்டை, தரகர் போனில் அனுப்பும் வெற்றுச் சுவர்ப் படங்களோடு முடித்துக்கொண்டால் அது பல வருடம் உறுத்தும்.

கப்பல் விஷயத்தை அவரிடம் கறாராகவே பேசுங்கள். கடல்வழியில் வரும் வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் எடையைப் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்து, கன மீட்டர் கணக்கில்தான் போடுகிறார்கள். அதாவது நைந்துபோன சோபாவுக்கும் மெத்தைக்கும்தான் அதிகம் அழ வேண்டியிருக்கும். அப்புறம் சுங்கம். குடிபெயர்ந்து வருகிறவர்களின் சாமானுக்குப் பல நாடுகள் வரிச்சலுகை தருகின்றன, ஆனால் அதற்கு அங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். பிரிட்டனுக்கு வருகிறவர்கள் குறைந்தது 12 மாதம் அந்நாட்டுக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். விடுமுறைக்கு மட்டும் போய்வந்தவர்கள் அந்தச் சலுகையை நம்பிக் கன்டெய்னர் பேசக் கூடாது. மின்சாமான்களும் அப்படித்தான்: அங்கே 230 வோல்ட், உங்கள் ஊரில் 120 என்றால் கெட்டிலைத் தூக்கிவந்து என்ன செய்வீர்கள்?

அந்த வீட்டுக்கென்று வாங்கியதை அங்கேயே விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் வேண்டுமென்றால் எழுத்தில் பட்டியல் போட்டு அவருக்கே கொடுக்கலாம், பலருக்கு அது உதவியாகவும் இருக்கும். நீங்கள் எடுத்துவர வேண்டியது ஒரு பெட்டிக்குள் அடங்கும்: கையால் எழுதிய நோட்டுகள், வந்துபோனவர்கள் எழுதிவைத்த பக்கங்கள், போட்டோக்கள், வீட்டுப் பத்திரங்கள். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தால் பெயிண்ட் அடிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கூலிக்கு வரும் ஆள் பார்த்துப் பிரித்துவைக்க மாட்டார், அது அவர் குற்றமும் இல்லை. அதற்காகவேதான் நீங்கள் போக வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் இல்லாத மாதங்களில் மாற்றுச்சாவியை யாரோ ஒருவர் வைத்திருந்திருப்பார். புயல் அடித்தபோது ஜன்னலைச் சாத்தியவர், குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தவர், செடிக்குத் தண்ணீர் விட்டவர். வீட்டை விற்கும் செய்தி அவருக்கு வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துத் தெரியவரக் கூடாது. விளம்பரம் போவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள், அப்புறம் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுச் சாமானில் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் அதை அவருக்குக் கொடுங்கள்.

முடிந்தால் இரண்டு தடவையாகப் போங்கள். முதல் தடவை சாமான் பிரிக்க, அடுத்தது விடைபெற. லாரி வந்து நிற்கும் நாளிலேயே விடைபெறவும் நினைத்தால் இரண்டும் ஒழுங்காக நடக்காது. கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை, இவற்றைக் கடைசிவரை விட்டுவைத்தால் சில நாட்களாவது அது வீடாக இருக்கும். ஆனால் வீடு ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) இருந்து, உங்களுக்கு ஐரோப்பியக் குடியுரிமையோ அங்கே வசிப்புரிமையோ இல்லையென்றால், எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். இரண்டு பயணத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி, இரு நாடுகளும் 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை (அந்த ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல உதவும் அரசுச் சான்று) வாங்கிக் கொடுத்தனுப்பலாம். உங்கள் கணவருக்கு ஓடியாடும் சிரமம்தான் கவலை என்றால், அதை இங்கே மிச்சப்படுத்துங்கள். வரிக்கணக்கு மட்டும் விற்ற அன்றோடு முடிவதில்லை. ஸ்பெயினில் விற்பவர் அந்த நாட்டில் வசிக்காதவர் என்றால், வாங்குகிறவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து நேராக வரித்துறைக்குக் கட்டிவிடுவார். நீங்கள் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவென்றால் மிச்சத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கடைசி மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும்கூடத் தாமதமாகத்தான் வரும். எல்லாம் தீரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் அவர் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பெட்டி தூக்க ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் கிளம்புங்கள்.