கேள்வி நேரம்: காவிரிக்கரைப் பத்திரிகைகள்

கேள்வி: இலக்கியப் பத்திரிகைன்னாலே மெட்ராஸ்தானா சார், நம்ம காவிரிப் பக்கம் யாரும் நடத்தலையா?
– வாசகர், திருவையாறு

பதில்: ஏன் நடத்தல! கும்பகோணத்துல எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் 1948ல ‘தேனீ’ நடத்துனாரு, பாத்தது பட்டு ஜரிகை வியாபாரம், கைக்காசப் போட்டுத்தான் பத்திரிகை, இன்னொரு எழுத்தாளர் கரிச்சான் குஞ்சு கூடமாட உதவி, ஆனாலும் ரொம்ப நாள் ஓடல. சந்தாவ நம்பி எறங்குனா வேற என்ன ஆகும்?

தஞ்சாவூர்ல எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் ரூட்டே வேற. பத்திரிகையும் பண்ணாரு, ‘கதைசொல்லிகள்’, ‘சும்மா இலக்கியக் கும்பல்’னு (பேரப் பாருங்க!) ஆளுங்களச் சேத்துக் கூட்டமும் போட்டாரு, கதைய வாயால சொல்றது, உக்காந்து கேக்குறது. என்னக் கேட்டா அச்சடிச்சதவிட இதுதான் பெருசு.

‘தேனீ’ பழைய இதழ் ஏதாவது பரண்ல கெடச்சா எடைக்குப் போட்டுடாதீங்க, பழைய பத்திரிகைங்களச் சேத்துப் பாதுகாக்குற சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு போன் அடிங்க.