டெரிவேஷன் மனப்பாடம், கணக்கு மட்டும் வரவில்லை

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிசிக்கல் கெமிஸ்ட்ரி டெரிவேஷன்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாளை எடுத்தால் கணக்குகளில் நின்றுவிடுகிறேன். எப்படிப் படிப்பது?

பதில்: டெரிவேஷனின் கடைசி வரி உங்கள் நினைவில் இருக்கிறது. நடுவில் எதையெல்லாம் அனுமானித்தோம் என்பது இருக்கிறதா? கணக்கு கேட்பது அதைத்தான்.

ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் கிளாசியஸ்-கிளாபிரான் சமன்பாட்டை எடுங்கள். திரவத்தின் பருமனைப் புறக்கணிக்கிறோம், ஆவியை நல்லியல்பு வாயுவாகக் கொள்கிறோம், ஆவியாதல் என்தால்பி, அதாவது ஒரு மோல் ஆவியாகத் தேவைப்படும் வெப்பம், வெப்பநிலையோடு மாறாது என்கிறோம். இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதிவிட்டு, வீட்டுக் குக்கருக்குள் தண்ணீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று போட்டுப் பாருங்கள். கடலூர் கடல் மட்டத்தில் இருப்பதால் வெளியழுத்தம் சுமார் 1 அட்மாஸ்பியர்; அதில் தண்ணீர் 373 கெல்வினில் கொதிக்கும். வெயிட் போட்ட குக்கருக்குள் மொத்தம் 2 அட்மாஸ்பியர் என்று வைப்போம். ஆவியாதல் என்தால்பி மோலுக்கு 40.7 கிலோஜூல், வாயு மாறிலி 8.314. விடை ஏறக்குறைய 394 கெல்வின், அதாவது 121 டிகிரி செல்சியஸ். கிலோஜூலை ஜூலாக மாற்ற மறந்தால் கெல்வின் வெப்பநிலை மைனஸில் வரும். அப்படியொன்று கிடையாதே என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். ஜாமில் 60 கேள்விகளில் 20-க்கு விடையை எண்ணாகவே தட்ட வேண்டும், தேர்ந்தெடுக்க விடைப் பட்டியல் இருக்காது. அதனால் இந்தப் பழக்கம் அவசியம்.

வெப்ப இயக்கவியலில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. காப்பிட்ட கலனில் ஒரு மோல் நல்லியல்பு வாயு வெற்றிடத்துக்குள் இரண்டு மடங்காக விரிகிறது. வெப்பம் பூஜ்யம், ஆகவே என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். தவறு! என்ட்ரோபி மாற்றம் என்பது வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பது என்ற சமன்பாட்டில் வருவது மீள்முறை வெப்பம், அதாவது மீள்முறைப் பாதையில் செல்லும்போது பரிமாறப்படும் வெப்பம். அதே இரண்டு நிலைகளுக்கு இடையே ஒரு மீள்முறைப் பாதை போட்டால் கெல்வினுக்கு 5.76 ஜூல் கூடுவது தெரியும்.

பகுதி வகையீடு தடுமாறினால் மற்றதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குவாண்டம் பகுதிக்கு இப்போதைக்குப் பெட்டிக்குள் துகள் கணக்கு போதும், ஆனால் முழுதாகக் கையால் போட வேண்டும்.

பஸ்ஸில் நோட்டு வேண்டாம். ஒரு சமன்பாட்டை நினைத்து, எது மாறாதபோது இது செல்லும், அலகு என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராதவற்றை இரவில் உட்கார்ந்து எழுதிப் போடுங்கள்.